நீலக் காருக்கு மாற்றிய ஒயில்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
3.10.1993

அன்பின் நிலாணி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். இது உங்கட கைக்கு வாற நாளில நீங்கள் எப்பிடி இருப்பீங்களோ தெரியாது. போன கடிதம் வர ஒரு மாசம் எண்டு எழுதியிருந்தீங்கள். அங்க என்ன நடந்தாலும் எனக்கு ஒரு மாசம் பிந்தித்தானே தெரியப்போகுது.

ஒரு புதினம். கார் ஒண்டு வாங்கியிருக்கிறன். கோவிக்காதேங்கோ. எண்பத்திரண்டாம் ஆண்டு நீலக் கார், கதவு ரெண்டிலயும் துரு. பிறம்ரனில பெட்டி கட்டுற வேலைக்கு மூண்டு பஸ் மாறிப் போய் வாறதுக்குள்ள நிலாணி நித்திரையாப் போயிடுறாள். இப்ப 401 ஹைவேயில ஒரு மணித்தியாலம். எங்கட பில்டிங்கில இருக்கிற யோகமலரும் செலீனும் என்னோடதான் வேலைக்கு வருகினம். செலீன் கலியாணம் முடிச்சு எட்டு மாசம். காலமை அவவின்ர மனுசன் எட்வேட் கீழ வந்து, அவவைக் காரில ஏத்திவிட்டுத்தான் போவார்.

ஒயில் மாத்திற காலம் வருகுது. கராச்சில விட்டால் பின்னேரம்வரை வைச்சிருப்பாங்கள், மூண்டு பேருக்கும் ஒருநாள் வேலை போயிடும். பதினைஞ்சு வருசம் கராச் நடத்தின மனுசன்ர பெண்சாதி நான். எப்பிடி எண்டு எழுதுங்கோ, நானே மாத்திறன்.

அன்புடன்,
குணவதி

---

கொக்குவில்
4.11.1993

அன்பின் குணம்,

உம்மட கடிதம் முந்தநாள் கப்பல் தபாலில வந்தது. கார் வாங்கேக்க என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை எண்டு கொஞ்சம் மனவருத்தம். கேட்டிருந்தாலும் மறுமொழி வர ரெண்டு மாசம், அதுவும் சரிதான்.

கவனமாக் கேளும். எஞ்சினை ஐஞ்சு நிமிசம் ஓடவிட்டு நிப்பாட்டும். ஒயில் இளஞ்சூடா இருந்தால்தான் அடியில கிடக்கிற ஊத்தையும் சேர்ந்து வரும். காரை மட்டமான நிலத்தில விட்டு ஜக் அடியும். ஆனால் ஜக்கை நம்பிக் கீழ போகக்கூடாது, இரும்புக் கால் வைக்கவேணும். அடி நட்டைக் கழட்டி, கடைசிச் சொட்டு வடியும்வரை பொறுமையா இரும். நட்டைத் திரும்பப் பூட்டினாப் பிறகு, ஒயிலை வடிக்கிற பழைய பில்டரைக் கழட்டும். புதுப் பில்டரின்ர ரப்பர் வளையத்தில விரலால கொஞ்சம் ஒயில் பூசி, கையாலதான் இறுக்கவேணும். புது ஒயிலை ஒரேயடியா ஊத்தாமல் மூண்டரை லீற்றரோட நிப்பாட்டி, ஒயில் பாக்கிற கம்பியை எடுத்துப் பாரும். ரெண்டு கோட்டுக்கும் நடுவில நிக்கவேணும். ஒரு நிமிசம் எஞ்சினை ஓடவிட்டு, நிப்பாட்டி, திரும்பவும் பாரும். கூடினாலும் கூடாது, குறைஞ்சாலும் கூடாது.

யோசிக்காமல் கை செய்யிற வேலையை எழுதப் போனால் எது முதல், எது பிறகு எண்டு தடுமாறுது. நீர் அங்க கொட்டப்போற கறுப்பு ஒயிலை, இஞ்ச பெற்றோல் ஒயில் எல்லாம் தடை எண்டதால, நாங்கள் பழஞ்சீலையில வடிச்சுத் திரும்ப விடுறம். கார் எல்லாம் மண்ணெண்ணெயில இருமி இருமி ஓடுது. நேற்றும் பக்கத்து ஒழுங்கையில குண்டு விழுந்தது. எனக்கொண்டுமில்லை.

உம்மட,
சண்முகநாதன்

---

மோர்னிங்சைட்
5.12.1993

அன்பின் நிலாணி அப்பாவுக்கு,

குண்டு எண்டு ஒரு வரியோட விட்டிட்டீங்கள். கடிதம் வந்து ரெண்டு நாள் நான் சாப்பிடேல்லை.

போன ஞாயிறு மத்தியானம் ஒயில் மாத்திப்போட்டன். உங்கட கடிதத்தைக் கண்ணாடியில ஒட்டிவைச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சுச் செய்தனான். யோகமலர் குடை பிடிச்சா, செலீன் காருக்குக் கீழ ரோச் லைற் அடிச்சா. கம்பியில ஒயில் சரியா நடுவில நிண்டது. தேன்மாதிரி நிறம். செலீன் கைதட்டினவ.

பழைய பில்டரைப் பாத்தால் அதில ரப்பர் வளையமே இல்லை. முந்திப் பூட்டினவங்கள் வளையம் இல்லாமலே பூட்டியிருக்கிறாங்கள். என்ன வேலைகாரரோ. நல்லகாலம், புதுசில இருந்தது. நீங்கள் சொன்னமாதிரி ஒயில் பூசிக் கையால இறுக்கினன்.

கார் இப்ப முந்தியைவிடச் சத்தம் குறைவு. வியாழக்கிழமை, கார் நிண்ட இடத்தில பனிக்கு மேல ரெண்டு மூண்டு கறுப்புச் சொட்டுக் கிடந்தது. பக்கத்துக் காரின்ரயாக்கும்.

உங்களைக் கூப்பிடுற பேப்பர் எல்லாம் குடுத்திட்டன். கவனமா இருங்கோ.

அன்புடன்,
குணவதி

---

கொக்குவில்
29.12.1993

குணம்,

உம்மட கடிதம் இண்டைக்குக் காலமை கிடைச்சது. நிண்ட நிலையில எழுதிறன்.

காரை எடுக்கவேண்டாம். ஹைவேக்கு எடுக்கவே வேண்டாம்.

பழைய பில்டரில வளையம் இல்லாமலில்லை. அது எஞ்சினோட ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கு. நீர் அதுக்கு மேல புது வளையத்தை வைச்சு இறுக்கியிருக்கிறீர். கொஞ்ச நாள் பிடிச்சு நிக்கும். பிறகு ஒரு குளிர் நாளில, ஒயில் தடிச்சிருக்கேக்க, வேகமா ஓடினால் ரெண்டும் வழுக்கி வெளிய வரும். அவ்வளவு ஒயிலும் ஒரு நிமிசத்தில கொட்டிப்போகும், எஞ்சின் இறுகிப்போகும். பனியில கிடந்த சொட்டு உம்மட காரின்ரதான்.

பழைய வளையம் கழண்டு வந்ததோ எண்டு விரலால தடவிப் பாக்கவேணும். அதை நான் எழுதாமல் விட்டிட்டன். கராச்சில எத்தினை பேருக்கு வாயால சொல்லியிருப்பன். உமக்கு எழுதேக்க விட்டுப்போச்சு.

இஞ்ச போன் இல்லை. நாளைக்குக் கிளாலிக் கடலேரியைப் படகில தாண்டிக் கொழும்புக்குப் போற ஒருவரிட்ட இந்தக் கடிதத்தையும் உம்மட போன் நம்பரையும் குடுக்கிறன். கொழும்பில இறங்கின உடன போன் எடுப்பார். படகு விட்டால் ரெண்டு நாள். ஏழு நாளாப் படகு விடேல்லை எண்டும் சொல்லுகினம்.

சண்முகநாதன்

---

மோர்னிங்சைட்
6.2.1994

அன்பின் நிலாணி அப்பாவுக்கு,

உங்கட ஆள் ஜனவரி பத்தொன்பதாம் திகதி கொழும்பில இருந்து போன் எடுத்தவர். "அக்கா, காரை எடுக்க வேண்டாமாம்" எண்டார். நான் "சரி" எண்டு சொல்லி வைச்சன். கடிதம் இருபத்தேழாம் திகதி வந்தது.

செலீன் பத்தாம் திகதி செத்துப்போனா.

அண்டைக்குச் சரியான குளிர். 401இல நடு லேனில போகேக்க டங்கெண்டு ஒரு சத்தம், பிறகு ஒரு உலுக்கல். எஞ்சின் செத்துப்போச்சு. கரை முழுக்க வழிச்சு ஒதுக்கின பனி. ஒதுங்க இடமில்லை. பின்னால வந்த றக் லொறி இடிச்சது. செலீன் பின் சீற்றில. யோகமலருக்குக் கை முறிவு. எனக்கு நெத்தியில ஏழு தையல்.

பழைய கார், விபத்து எண்டு பொலிஸ் எழுதினது. ஒருத்தரும் என்னைக் குறை சொல்லேல்லை. செத்தவீட்டில எட்வேட் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டவர்.

உங்கட கடிதம் வந்த அடுத்தநாள், உடைஞ்ச கார் நிக்கிற யார்டுக்குப் போனன். அங்க நிண்ட ஆள் பில்டரைக் கழட்டிக் காட்டினான். ரெண்டு வளையம் இருந்தது. ஒண்டு கிழிஞ்சு வெளிய தொங்கினது.

எட்வேட் இப்ப சென் ஜேம்ஸ் ரவுணில தமையனோட இருக்கிறார். உங்கட கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுத்தன். ரெண்டு தரம் வாசிச்சார். "உங்கட மனுசன் ஒரு வரி விட்டிட்டார்" எண்டார்.  நான் ஓம் எண்டு தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டன்.

வீட்டை வந்தால் இருக்க முடியேல்லை. எட்வேட்டிட்ட நான் முழுக்கச் சொல்லேல்லை, அப்பா. உங்களுக்கும் இப்பதான் சொல்லுறன். கார் நிக்கிறதுக்கு முந்தி ஒயில் இல்லையெண்டு காட்டுற சிவப்பு லைற் பத்தினது. பின் சீற்றில நடுவில இருந்த செலீன்தான் கண்டவ. "அக்கா, நிப்பாட்டுவமே?" எண்டு கேட்டவ. கரையில ஒதுங்க அப்ப இடம் இருந்தது. அந்த மாசம் ரெண்டு நாள் பிந்திப் போய் சுப்பவைசரிட்ட ஏச்சு வாங்கினது எனக்கு. "அடுத்த எக்சிற்றில இறங்குவம்" எண்டன். லைற் பத்தினதுக்குப் பிறகு நாலு நிமிசம் ஓடினனான். யோகமலருக்குத் தெரியும். அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

நேற்றுத் திரும்பவும் எட்வேட்டிட்டப் போனன். வாசலில நிண்டபடியே எல்லாத்தையும் சொன்னன்.

 "அவ எத்தினை தரம் கேட்டவ?" எண்டார்.

"ஒருக்கால்தான்."

"ஓம். அவ ஒருக்கால்தான் கேப்பா" எண்டார். "நீங்கள் இனி இஞ்ச வரவேண்டாம்." கதவைச் சத்தம் கேக்காமல் சாத்தினார்.

நீங்கள் விட்ட வரியை நினைச்சு அங்க இருந்து உடைஞ்சுபோகாதேங்கோ. அது உங்கட பங்கு, இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். மிச்சம் என்ரது. அதை என்னட்ட இருந்து எடுக்க உங்களாலயும் ஏலாது.

உங்கட பேப்பர் சரிவந்திட்டுது. ஏப்பிரலில கொழும்பில நேர்முகம். எப்பிடியும் வந்து சேருங்கோ. இஞ்ச வந்த உடன உங்கட பங்கைச் சொல்ல நீங்கள் எட்வேட்டிட்டப் போகவேணும். என்னைத்தான் வரவேண்டாம் எண்டவர். உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.

குணவதி