கீச்சானுக்கு ஒரு நோட்டீஸ்

மார்ச் 4
ஆமாம், பறவைதான். 'குடியிருப்போர்' என்ற கட்டத்தில் வேறு யாரை எழுதுவது? கார் நிறுத்த இடம் வேண்டுமாம், தாலுகா அலுவலகத்தின் பின்னால் நிற்கும் வெள்வேல மரத்தை வெட்டப்போகிறார்கள். ஆட்சேப மனுவில் எழுதிவிட்டேன்: கீச்சான், ஒரு ஜோடி. குஞ்சுகள் மூன்று. அவை பறக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும்.

மார்ச் 5
எழுத்தர் மனுவை இரண்டு முறை படித்தார்.
"குடியிருக்கிறவங்களுக்கு நோட்டீஸ் கொடுக்காம கை வைக்க முடியாதும்மா. ஏழு நாள் டைம். பதில் வந்தா விசாரணை, அது ஒரு மாசம் இழுக்கும். வரலைன்னா வெட்டிருவாங்க."
"அது பறவை சார்."
"நீங்கதானே எழுதியிருக்கீங்க."
கேலியா, அனுதாபமா? முகத்தில் ஒன்றும் இல்லை.

மார்ச் 6
எழுத்தர் வந்து, தாழ்ந்த கிளையில், ஒரு முள்ளில் நோட்டீஸைக் குத்திவிட்டுப் போனார். கதவில்லாத வீடு.

மார்ச் 8
இன்று முட்களில்: வெட்டுக்கிளி 6, வண்டு 2, ஓணான் 1.
கீச்சானுக்குக் காலில் வலு போதாது. இரையை முள்ளில் மாட்டித்தான் கிழிக்கும். முள்தான் அதற்குக் கை. இரண்டு வருடமாக இதைத்தான் எண்ணுகிறேன். ஆய்வேடு முழுக்க இந்த எண்கள். ஒன்றைக்கூடக் கூட்டிப் போட்டதில்லை.
நோட்டீஸ் பக்கம் அது வரவே இல்லை. காகிதம் படபடக்கிறது, பயம்போல.

மார்ச் 11
சாப்பிடும்போது அக்கா: "என்னடி, உன் கட்சிக்காரர் வாயைத் திறந்தாரா?"
சிரிப்பு வரவில்லை. நாளை மறுநாள் கடைசி. குஞ்சுங்க மூணும் கழுத்தை மட்டும் நீட்டுதுங்க. நான் என்னதான் பண்றது —

மார்ச் 13
நோட்டீஸின் நடுவே, அதே முள்ளில், ஒரு வெட்டுக்கிளி.
எழுத்தர் குனிந்து பார்த்தார். "பதில் வந்திருக்கு."
காகிதத்தைப் பூச்சியோடு பதமாகக் கழற்றினார்.
"கீச்சான் எந்தப் பக்கமா குத்தும்மா?"
"பெரும்பாலும் கழுத்துல."
"இது வால் பக்கமா இருக்கே. கைப்பழக்கம் இல்லாத ஆள்போல."
நான் மரத்தைப் பார்த்தேன். அவர் முத்திரையை ஊதி, வெட்டுக்கிளிக்குப் பக்கத்தில் குத்தினார். வரவு எண் 212.

மார்ச் 24
கூடு காலி. மூன்றும் பறந்துவிட்டன. விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம். கட்சிக்காரர் நேரில் ஆஜராக வேண்டுமாம்.
பதின்மூன்றாம் தேதிக் கணக்கில் வெட்டுக்கிளி 7 என்று இருந்தது. அடித்துவிட்டு 6 என்று எழுதினேன்.