பாசிக்கு மேலிருந்து அளந்த ஆழம்

ஜனவரி 8

மதிப்பிற்குரிய மேகக் கண்காணிப்பு நிலைய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். வளிமண்டல, புவி அறிவியல் மாநாடு வரும் ஏப்ரலில் எங்கள் நிறுவனத்தில் நடைபெற உள்ளது. தாங்கள் கலந்துகொண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று வழங்குமாறு மாநாட்டுக் குழு கேட்டுக்கொள்கிறது. தங்குவதற்கு விருந்தினர் விடுதியில் தனி அறை ஒதுக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
மாநாட்டுச் செயலாளர்

பி.கு.: கூப்பிட்டது குழு, நான் இல்லை. தலைவர், "மேகம்னா உங்க வீட்டுக்காரரை விட்டா வேற யாரும்மா?" என்றார். எல்லோர் முன்னாலும் எப்படி மறுப்பது? நான் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் போடுகிறீர்களா, இல்லை நாற்காலிக்குப் போர்த்தி வைத்திருக்கிறீர்களா?

ஜனவரி 17

அன்புள்ள செயலாளர் அம்மாவுக்கு,

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ என்னைத் 'தாங்கள்' என்று சொன்னதே இல்லை. தபால்காரர் எதிரில் நின்றதால் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மாநாட்டு மண்டபத்திலிருந்து நம் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அப்படியிருக்கச் சொந்தப் புருஷனுக்கு விடுதியில் தனி அறையா? மலைக்கு வேலைக்கு வந்த நான்கு வருஷத்தில் அவ்வளவு அந்நியனாகிவிட்டேனா?

வர இயலாது என்று குழுவிடம் சொல்லிவிடு. நிலையத்தில் நானும், வானிலைச் செய்தி அனுப்புகிற ரேடியோக்காரரும் மட்டும்தான். தவிர, மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்வெட்டர் போடுகிறேன். முழங்கையில் ஓட்டை.

உன் மேகம்

ஜனவரி 29

அன்புள்ள மேகத்துக்கு,

அந்நியன் என்று எழுத எப்படி மனசு வந்தது? ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். ஒவ்வொரு வருஷமும் வேலையை நீட்டித்துக்கொண்டதும் நீங்கள். லீவில் வந்தாலும் விருந்தாளி மாதிரி இரண்டு நாள். முதல் வருஷம் ஒரே ஒரு தடவை நான் மலைக்கு வந்தேன். பேருந்து ஏற்றிவிட்டுக் கையசைத்தீர்கள், மறுபடி வா என்று சொல்லவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

அதை விடுங்கள். இங்கே ஒரே கூத்து. உங்களை மாதிரி வானத்துக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தையும், மண்ணை ஆராய்கிற எங்கள் மண்ணுக்காரர்களுக்கு மாடியையும் ஒதுக்கிவிட்டேன். இரண்டு கூட்டமும் சண்டைக்கு வருகிறது. எரிமலைப் பேராசிரியர் ஒருவர், விடுதியில் அறை கிடைக்காவிட்டால் மண்டபத்திலேயே படுத்துக்கொள்வேன் என்று தினமும் போன் செய்கிறார். ஆனாலும் உங்கள் அறையை நான் கொடுக்கவில்லை.

வானப் பிரிவு நிரம்பிவிட்டது. என் மண் பிரிவில்தான் ஓர் இடம் காலி. அது உங்களுக்கு எதற்கு?

உங்கள் மண்ணாங்கட்டி

பிப்ரவரி 10

அன்புள்ள மண்ணாங்கட்டிக்கு,

நான் கூப்பிட வேண்டும் என்று நீ காத்திருந்தாய். நீயாக வருவாய் என்று நான் பார்த்திருந்தேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் படித்திருக்கிறோம்.

காலி இடத்துக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியிருக்கிறேன், ஒரு குழியின் படத்தோடு. தலைப்பு: 'மூடுபனி மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது'. சிரிக்காதே. நீ வந்தபோது மறந்துவிட்டுப் போன குட்டி மண்வெட்டி மூலையில் கிடந்தது. உன் ஞாபகம் வரும்போதெல்லாம் அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு குழி தோண்டினேன். அப்படியே மலைச்சரிவு முழுக்கக் குழியாகிவிட்டது. ரேடியோக்காரர், "சார், பெருச்சாளி புகுந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்" என்கிறார்.

மழையே இல்லாத மாதத்தில்கூட அடியில் ஈரம் இருக்கிறது. அது மூடுபனியாகத்தானே இருக்க வேண்டும்? கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டிருக்கிறேன்.

உன் மேகம்

பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் கட்டுரையை இப்போதுள்ள நிலையில் ஏற்க இயலாது. ஆழத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? படத்தைப் பார்த்தேன். மலைத்தரையைப் பச்சையாய்ப் போர்த்தியிருக்கிற பாசியின் நுனியிலிருந்து. வானத்துக்காரர் ஒருவர்தான் இப்படி அளப்பார். வானம் முடிகிற இடத்திலேயே மண் தொடங்கிவிடும் என்ற நினைப்பு. பாசி மண் இல்லை, ஐயா. ஒரு குழியில் விரல் கனம் இருக்கும், பக்கத்துக் குழியில் ஒரு சாண் இருக்கும். அதைக் கழிக்காவிட்டால் தங்கள் கணக்கு ஒன்றுகூட நிற்காது.

இதற்கு மேல் செயலாளராக எழுத வரவில்லை. அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அப்புறம் வெகுநேரம் சிரித்தேன். அந்த மண்வெட்டியை நான் மறந்துவிட்டு வரவில்லை. திரும்ப எடுத்துப்போக வரலாமே என்று வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கண்டுபிடித்தது நல்ல விஷயம், பாழாகக் கூடாது. ஒவ்வொரு குழியிலும் பாசி எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று மண் தெரிந்தவர் யாராவது நேரில் வந்து பார்க்க வேண்டும். என்னை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

உங்கள் மண்ணாங்கட்டி

பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய மண் ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மலை நிலையத்தில் நடைபெறவுள்ள பாசி அளக்கும் மாநாட்டுக்குத் தங்களை அழைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். பயணப்படி கிடையாது. தங்குமிடம் ஒரே அறை, கூரை இப்போது ஒழுகுவதில்லை. வரவேற்புரை ரேடியோக்காரர். நன்றியுரை நான், நாக்கு ஒட்டாமல் இருந்தால்.

வா. உன் வேலையைப் போட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் ஓடவில்லை, அதுதான் நிஜம். இனிமேல் நீட்டிப்பு வேண்டாம், மே மாதத்தோடு இறங்கிவிடுகிறேன் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். வீட்டில் இடம் இருக்குமா?

உன் மேகம்

மார்ச் 4

என் அன்பு மேகத்துக்கு,

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். முழங்கை ஓட்டைக்கு நூலும் ஊசியும் எடுத்து வைத்துவிட்டேன். குழிகளை மூடிவிடாதீர்கள், பெருச்சாளியிடமும் சொல்லி வையுங்கள்.

நம் கட்டுரையைக் கடைசி நாள் கடைசி உரையாகப் போட்டிருக்கிறேன். மண்ணை நான் பேசிவிடுகிறேன். மூடுபனி வரும்போது மட்டும் நீங்கள் வாயைத் திறந்தால் போதும். பக்கத்தில் நான் நிற்கும்போது நாக்கு எப்படி ஒட்டும் என்று பார்க்கிறேன்.

என் சொந்தக் கட்டுரைக்கு நானே தலைமை தாங்கக் கூடாதாம். எரிமலைப் பேராசிரியரைக் கேட்டேன், உடனே ஒத்துக்கொண்டார். மனிதர் என்மேல் ஏக சந்தோஷத்தில் இருக்கிறார். விடுதியில் உங்களுக்கு வைத்திருந்த தனி அறையை நேற்று அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே, ஏப்ரலில் தாங்கள் தங்குவதற்கு மாநாட்டுக் குழுவால் எந்த ஏற்பாடும் செய்ய இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டுப் பூட்டை நான் மாற்றவில்லை. சாவி உங்களிடம் இருக்கிறதல்லவா?

இப்படிக்கு,
செயலாளர், உங்கள் மனைவி