கேசட்டின் கடைசி ஏழு நிமிடம்

என் காதுகளில் பாதியான செல்வராஜ் மச்சான்,

நாளை மறுநாள் ஞாயிறு வந்தால் நீ போய் ஒரு வருடம். காலையில் மூணாற்றுச் சர்ச்சில் உனக்குப் பூசை. பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் உன் குரலைப் போட்டுக் காட்டப் போவதாக உன் மகள் எஸ்தர் எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தக் குரலைக் கொண்டுவருகிறேன் என்று ஏற்றுக்கொண்ட ஆள் நான்.

என்னிடம் உன் குரல் இல்லை மச்சான்.

நீ கோபப்படுவாயா, 'சாரமில்லடே, போகட்டும்' என்று மலையாளத்தையும் தமிழையும் பிசைந்து என்னை விட்டுவிடுவாயா? தெரியவில்லை. எதற்கும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு இப்போது ஒரு வசதி. அந்த வசதியை நான் ரொம்ப காலமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் விஷயமே.

நீ விட்டுப்போன வேலையை உன் மகள் எடுத்துக்கொண்டாள். டூரிஸ்ட்காரர்களுக்கு ஏலக்காயும் தேயிலையும் விற்கிற கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ராத்திரி வீட்டில் உன் பழைய பெட்டியைத் திறந்து வாரம் ஒரு கேசட் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் நம் குழுவில் எழுதுகிறாள்: 'இந்த வாரம் கேட்டது.' உன்னைப் போலவே டீக் கணக்கில்தான் மதிப்பெண். போன மாதம் ஒரு சினிமாப் பாட்டு ஆல்பத்துக்கு 'அரை டீ, அதுவும் ஆறினது' என்று எழுதியிருந்தாள். முப்பது வருடத்துக்கு முன் நான் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஆல்பம் அது. பதில் எழுதவில்லை. நீ எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பாய்.

நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் பிரீடிகிரி படித்த இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு நீ மலையேறித் தேயிலை பாக்டரியில் சேர்ந்தாய், நான் நல்லேப்பிள்ளியில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டப் போனேன். வாரம் ஒரு ஆல்பம் கேட்பது, கேட்டதை அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்புவது என்று முடிவு செய்தோம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். பாட்டு முடிந்து மிச்சம் கிடக்கிற ஏழெட்டு நிமிட நாடாவில் நாம் பேச வேண்டும். பாட்டைப் பற்றி அரை நிமிடம், மீதியெல்லாம் புறணி. உன் பாக்டரி மேஸ்திரி, என் பெரியப்பா, யாரை விட்டோம்?

அந்த மிச்சத்தை எஸ்தர் கேட்டுவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன் போன் செய்தாள்.

"மாமா, நீங்க அந்தக் காலத்துலயே இம்புட்டுப் பொரணி பேசியிருக்கீங்களே! அப்பா பெட்டி பூரா உங்க சத்தந்தான்."

"பாட்டையும் கொஞ்சம் கேளு கண்ணு," என்றேன்.

"அதில்ல மாமா. அப்பா பெட்டில நீங்க இருக்கீங்கன்னா, உங்க பெட்டில அப்பா இருக்கணும்ல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவள் தொடர்ந்தாள்.

"அப்பாவுக்குத் தொண்டையில ஆப்பரேசன் பண்ணும்போது எனக்கு ஆறு வயசு. தொண்டையில வெரல வச்சு காத்தாப் பேசுனதுதான் ஞாபகத்துல நிக்கி. அதுக்கு முன்னாடி இருந்த சத்தம் வரவே மாட்டேங்கி. ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும் மாமா. அம்மாவும் கேக்கட்டும்."

"எல்லாம் பத்திரமா இருக்குது கண்ணு," என்றேன். பெட்டி பத்திரமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவனுக்கு வார்த்தையில் மட்டும் என்ன சுத்தம் பார்த்தாயா?

இனி நான் உன்னிடம் எப்போதும் சொல்லாத ஒன்று. கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. நீ ஒவ்வொரு முறையும் அதை உடைத்துத்தான் அனுப்புவாய். பேச்சின் முடிவில் சொல்லவும் சொல்வாய்: "பல்லப் பேத்துட்டேன் மச்சான், இனி எவனும் இதுக்கு மேல பேச முடியாது." நான் அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்து ஒட்டிப் பேசினேன்.

அப்போது நான் மேடைக்காரன் ஆகியிருந்தேன். கோயில் திருவிழாவிலும் ஆர்ட்ஸ் கிளப் ஆண்டுவிழாவிலும் இன்னிசைக் குழுப் பாடகர்கள் டீ குடிக்கப் போகிற இடைவெளியில் மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைப்பேன். சரியாக ஏழு நிமிடம். என் பேச்சை நானே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஓர் அரிப்பு. மைக்செட்காரரிடம் உன் கேசட்டைக் கொடுத்து, பாட்டு முடிந்த இடத்தில் வைத்துப் பதிந்து தரச் சொல்வேன். பாட்டை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் பேச்சை அழிக்க வந்தது. ஒரு கேசட் அல்ல, ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும். அடுத்த வாரம்தான் இன்னொன்று வருமே, நீ எங்கே போய்விடப் போகிறாய்?

மூன்று வாரமாகப் பெட்டியைக் கிளறினேன். டேப் ரெக்கார்டரின் ரப்பர் அறுந்து கிடந்தது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய மெக்கானிக்கைப் பிடித்து மாற்றினேன். ஒரு கேசட்டிலாவது காகிதம் ஒட்ட மறந்திருப்பேன் என்று நம்பினேன். பாட்டு முடியும், நாடா இரையும், நீ வருவாய் என்று காத்திருப்பேன். நான் வருவேன். "பெரியோர்களே தாய்மார்களே..." அந்த முதல் வார்த்தையிலேயே நிறுத்திவிட்டு அடுத்த கேசட்டைப் போடுவேன் மச்சான்.

புதன்கிழமை எஸ்தரிடமிருந்து செய்தி வந்தது. 'மாமா, ஒரு கேசட்டாவது இப்பவே போன்ல அனுப்புங்க. ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்கணும்.' அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்தது. உன் கல்யாணத்தில் நான் உன்னைப் போலவே பேசிக் காட்டியதும், மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த லில்லித் தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததும் நினைவிருக்கிறதா? உன் குரல் உன்னிடம் இல்லாமல் போன பிறகும் என் தொண்டையில் இருந்தது.

மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பின்னணிக்கு வெறும் நாடா இரைச்சலை ஓடவிட்டேன். போனைப் பிடித்துக்கொண்டு உன் குரலில் ஆரம்பித்தேன்: "மச்சான், இந்த வாரம் ரெண்டு டீ குடுக்கலாம்டே. புள்ள தூங்குது, அதான் மெதுவாப் பேசுதேன்..." புரிகிறதா? எஸ்தரைத் தொட்டிலில் போட்டு உள்ளே வைத்தேன். அவள் எந்த இடத்தில் அழ வேண்டும் என்றுகூடக் குறித்து வைத்துப் பேசினேன்.

பேசி முடித்துத் திரும்பினால் வாசலில் என் சரசு. எருமைக்குத் தவிட்டு வாளியோடு நின்றவள் வாளியைக் கீழே வைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஏனுங்க, கெடச்சிருச்சுங்களா? அண்ணன் கொரலேதானுங்க... எந்தக் கேசட்டுல இருந்துச்சு?"

கேட்டுக்கொண்டே டேப் ரெக்கார்டரைப் பார்த்தாள். என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை உனக்கு நான் எழுதிக் காட்ட முடியாது.

"செத்த மனுசன் தொண்டைக்குள்ள கையை உடறீங்களே, உங்குளுக்கு வெக்கமா இல்லீங்களா?" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்படியும் அனுப்பினேன் மச்சான். சரசு அழுததைப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். இவளே நம்பினால் எஸ்தரும் நம்புவாள் என்று உள்ளே ஒருவன் கணக்குப் போட்டான்.

ஒற்றை டிக் விழுந்தது. மூணாற்றில் அன்று நல்ல மழை, கரண்டும் இல்லை, டவரும் இல்லை போலும். வரப்பில் உட்கார்ந்து அந்த ஒற்றை டிக்கையே பார்த்தேன். இரண்டாவது விழுந்துவிட்டால் உன் மகளுக்கு வாழ்நாள் முழுக்க அப்பா என்றால் நான்தான். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டே என் குரலைக் கேட்டு அழும். நானும் கைகட்டி நின்று அழ வேண்டும். பிறகு வருடா வருடம் போடுவார்கள். அவள் பிள்ளைக்கும் போட்டுக் காட்டுவாள். உன்னை முழுசாக அழிக்க முன்பு எனக்குப் பத்து வருடம் ஆனது, இப்போது ஒரு டிக் போதும். அதற்குள் இரண்டு முறை மேகம் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் அங்கே கரண்ட் வந்துவிட்டதோ என்று பதறினேன்.  இரண்டாவது டிக் விழுமுன் அழித்தேன்.

அழித்தால் விட்டுவிடுமா போன்? 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று சமாதிக்கல் மாதிரி ஒன்றை நட்டு வைக்கிறது. ஒரு மணி நேரத்தில் எஸ்தர் கூப்பிட்டாள்.

"மாமா, என்னத்த அனுப்பி என்னத்த அழிச்சீங்க?"

சொன்னேன். காகிதத்தையும் சொன்னேன், மோட்டார் ரூமையும் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரையும் சிரிக்க வைக்க முயலாமல் நான் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"எல்லாத்துலயுமா ஒட்டுனீங்க?"

"எல்லாத்துலீமு கண்ணு."

 

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீங்களே வந்து சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் சரசு டேப் ரெக்கார்டரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "அத்தனையும் அழிச்சுப்போட்டு அப்பிடி என்னத்தைத்தான் பேசிக் கிழிச்சீங்கன்னு கேக்கறேன், போடுங்க," என்றாள். தண்டனைதான். போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. நான்காவது, எங்கள் ஊர்த் திருவிழாவில் பேசியது. எருமைக்கு ரேஷன் கார்டு கேட்டு ஒருவன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போன கதை.

ஊர்த் திருவிழாவுக்கு நீ வருடம் தவறாமல் இறங்கி வருவாய். முதல் வரிசையில் உட்காருவாய். வாளையார் செக்போஸ்ட் லாரி மாதிரி என் ஜோக் உன் காதுக்கு வெளியே வரிசையில் நின்றுதான் உள்ளே போகும். ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு நீ ஆரம்பிப்பாய். அடுத்த ஜோக் கெட்டுவிடுமே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். அதனால் உன் சிரிப்பின் மேலேயே ஏறிப் பேசுவேன். அந்தக் கேசட்டில் முழுக்க அப்படித்தான். நீ 'ஹி' என்று தொடங்குமுன் நான் "அப்புறம் பாருங்க" என்று மிதித்திருக்கிறேன்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு வசனம் மறந்துவிட்டது. மேடையில் நான் மரமாக நின்ற ஒரே நாள் அது. வெட்கத்தில் அந்தக் கேசட்டை மறுபடி நான் முழுசாகக் கேட்டதே இல்லை. கூட்டம் சிரித்து முடிக்கிறது. அமைதி. யாரோ இருமுகிறார்கள். நான் வரவில்லை. அப்போது நீ வருகிறாய். விசில் மாதிரித் தொடங்கி, மேலே மேலே ஏறி, மூச்சு முட்டி, பக்கத்தில் இருப்பவனிடம் விளக்குகிறாய்: "எருமைக்கு ரேசன் கார்டாம்லே!" மறுபடியும் சிரிக்கிறாய். பத்துப் பன்னிரண்டு விநாடி இருக்கும். அதற்குள் எனக்கு வசனம் நினைவு வந்துவிடுகிறது.

சரசு என் கையைப் பிடித்தாள். "இதையும் நீங்க பேசலீங்கல்ல?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. இல்லை என்று தலையாட்டினேன். மறுபடி போடச் சொன்னாள். போட்டேன்.

எஸ்தருக்கு இன்னும் சொல்லவில்லை. போனில் அனுப்பவும் இல்லை. என் கையிலிருந்து போன் வழியாகப் போகிற எதையும் அவள் எதற்கு நம்ப வேண்டும்? நாளை காலை பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக வருகிறேன், டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு. லில்லித் தங்கச்சி என்னை உள்ளே விடுமா? 'வாங்கண்ணே' என்று எப்போதும்போல் டீ போட்டு வைத்திருந்தால் அது இன்னும் கொடுமை. டீயைத் தொடுமுன் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் போக உன் குரலில் மிஞ்சியது ஓர் எருமை மட்டும்தான் என்று பூசைக்கு வந்த சாமியார் முன்னால் எப்படிச் சொல்வது? அதை நீதான் யோசித்துச் சொல்ல வேண்டும், வழக்கம்போல் தாமதமாக.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முதலில் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்வேன், ஒரு ஜோக்கும் சேர்க்காமல். பிறகு அவர்கள் கேட்கச் சம்மதித்தால் அந்த இடத்தைப் போடுவேன். நீ சிரித்து முடிக்கிற வரை வாயைத் திறக்க மாட்டேன். என் வசனம் வருகிற இடத்துக்கு முன்னால் என் கையாலேயே நிறுத்துவேன்.

இந்த வாரம் கேட்டது இவ்வளவுதான் மச்சான். எனக்கு அரை டீ, உனக்கு எத்தனை வேண்டுமானாலும்.

இப்படிக்கு,
காகிதத்தைப் பிய்த்தெறிந்துவிட்ட உன் மச்சான்,
நல்லேப்பிள்ளி பழனிச்சாமி