தலைகீழாக நிற்கச் சொல்லித்தராத டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை பாடசாலை வாசலில் ஒரு லொறி நின்றது. குறிஞ்சிப்பிட்டித் தோட்டங்களில் பிடுங்கிய சின்ன வெங்காயத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த வெங்காயத் தாளும் சாக்கும் சேர்ந்த அந்த மணம் காற்றோடு நாலாம் வகுப்புக்குள் வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. நம் பிள்ளைகள் யோகம் படித்தது வெங்காயச் சாக்குகளின் மேல் அல்லவா? விரிப்புக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டபோது, "சாக்குப் போதும் டீச்சர். தும்மினாலும் அது மூச்சுப் பயிற்சிதானே" என்று சிரித்தீர்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் உடப்பு என்னும் இந்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் கடலோர முஸ்லிம் பாடசாலைக்கு வந்து சேர்ந்தீர்கள். ஒரே வயதுக்காரர்கள் நாம். ஆனாலும் கடைசி வரை ஒருவரையொருவர் "டீச்சர்" என்றே அழைத்தோம். அதற்குள் எத்தனை அன்பு இருந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் தகப்பன்மார் கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருப்பார்கள். அந்த வீடுகளின் எரிச்சல் காலையில் வகுப்புக்கு வந்துவிடும். தண்ணீர்ப் போத்தலுக்கும் சண்டை, கதிரைக்கும் சண்டை. நான் பிரம்பைத் தேடினேன். நீங்கள் பாடசாலை அதிபரிடம் போய், பிள்ளைகளுக்குக் காலையில் கொஞ்ச நேரம் யோகம் சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்டீர்கள்.

முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். நீங்களோ உட்காரச் சொல்லிவிட்டுக் கதைக்கத் தொடங்கினீர்கள். யோகம் என்றால் உடம்பை வளைப்பது மட்டுமில்லை, அதற்கு முன்னால் ஏற வேண்டிய படிகளைப் பழைய காலத்து ஞானிகள் வைத்திருக்கிறார்கள், முதற்படி இன்னொருவரை நோகடிக்காமல் இருப்பது, கையால் மட்டுமல்ல, வாயாலும், என்றீர்கள். ரிஸ்மி எழுந்து நின்றான்.

"அப்ப தலைகீழா நிக்கிறது எப்ப டீச்சர்?"

"முதல்ல நேரா நிக்கப் பழகுவம் மகன்."

அவன் முகம் விழுந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதே ரிஸ்மிதான் மறுவாரம் பக்கத்துப் பையனின் உதட்டை உடைத்தான். நீங்கள் ஏசவில்லை. காயப்பட்டவனுக்கு மருந்து போட்டுவிட்டு ரிஸ்மியை அருகில் இருத்தினீர்கள்.

"அடிக்க முன்னுக்கு உள்ளுக்கு என்ன நடந்திச்சு?"

"கொதிச்சிச்சு டீச்சர்."

"எந்த இடத்தில?"

அவன் யோசித்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"இனி அந்த இடத்துக்கு வந்தா, ஒரு மூச்சை நீளமா விட்டுப் பாருங்க. பிறகும் அடிக்கணும் போல இருந்தா என்னட்ட வாங்க."

கொஞ்ச நாள் கழித்து அவன் வகுப்பை விட்டு ஓடினான். பின்னால் போய்ப் பார்த்தால், தண்ணீர்க் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கடலிலிருந்து ஏறி வந்த சுழியோடியைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் பிரம்பைத் தூக்கி அலுமாரிக்கு மேல் எறிந்தது அன்றைக்குத்தான்.

பிறகு வந்தது அந்தப் பிரச்சினை. ரிஸ்மியின் மாமா வாசலில் என்னை மறித்தார். "டீச்சர், எங்கட புள்ளைகளுக்குக் கோயில் கும்பிடப் பழக்குறதாக் கதை அடிபடுது. 'ஓம்' சொல்ல வைக்கிறாங்களாமே?" உங்களை வேறு பாடசாலைக்கு மாற்றிவிடச் சொல்லி ஊரில் பேச்சு எழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. நீங்களோ, "அவங்கட புள்ளைகள், அவங்க கேட்கத்தான் வேணும். பள்ளிவாசல் மௌலவியை வந்து பார்க்கச் சொல்லுங்க" என்றீர்கள்.

மௌலவி வந்து, பின்வரிசையில் ஒரு சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். நீங்கள் வழக்கம்போலப் பாடத்தைத் தொடங்கினீர்கள். "மூச்சு உள்ளுக்குப் போறது விளங்குதா?" பிள்ளைகள் ஒரே குரலில், "ஓம் டீச்சர்!" "தோள் லேசாகுதா?" "ஓம் டீச்சர்!" மௌலவி குலுங்கிச் சிரித்தார். "சம்மதம் சொல்ற இந்த ஓமை நானும் வீட்டில நாள் முழுக்கச் சொல்றன்" என்றார். கை கூப்புவதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். நீங்கள் அப்போதே கைகளை மடியில் வைத்துக்கொண்டீர்கள். ரிஸ்மியின் மாமா கடைசி வரை முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் மருமகனை வகுப்பிலிருந்து எடுக்கவுமில்லை.

என்னையும் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னீர்கள். எனக்குக் கண்ணை மூட முடியவில்லை. மூடினால், தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து எங்களை ஏற்றிவந்த படகும், அழக்கூடாதென்று என் வாயைப் பொத்திய உம்மாவின் கையும் வரும். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன்.  "அப்ப மூடாதீங்க டீச்சர். திறந்துகொண்டே இருங்க, நானும் திறந்துகொண்டு இருக்கிறன்" என்றீர்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் கண் மூடியிருக்க நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி மூச்சு விட்டோம். எனக்குக் கிடைத்த அமைதி அதுதான்.

நோய் உங்களைக் கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை வந்தேன். சிரித்த முகத்தை எதிர்பார்த்து வந்த என்னிடம், "புள்ளைகளுக்குச் சொன்னது ஒண்டும் எனக்கு வருதில்ல டீச்சர். பயமா இருக்கு. எல்லாரிலயும் எரிச்சலா இருக்கு. நான் பொய் சொல்லிக் குடுத்திட்டனா?" என்று கேட்டு அழுதீர்கள்.  உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த குர்ஆன் வசனங்களை மெல்ல ஓதினேன். சத்தம் கூடிவிட்டதோ என்று நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதீங்க. நீங்க ஓதுங்க. நான் அதோட மூச்சு விடுறன்."

அப்படியே ஓதினேன். மெல்ல மெல்ல உங்கள் மூச்சு நீண்டது. தாதி வந்து பார்த்துவிட்டு, நேரம் முடிந்தும் என்னை எழுப்பாமல் போனார். அதன் பிறகு உங்களை நான் உயிரோடு பார்க்கவில்லை. ஆனால், உங்கள் கேள்விக்கான பதில் அந்தக் கட்டிலருகில் கிடைத்துவிட்டதென்றே நம்புகிறேன்.

இப்போது அந்தக் காலை நேரத்தை நான் நடத்துகிறேன். ஞானிகளின் படிகளை உங்கள் வார்த்தைகளிலேயே சொல்கிறேன். போன வாரம் ஒரு சின்ன மகள் கேட்டாள்: "இதை உங்களுக்குச் சொல்லித் தந்த டீச்சருக்குக் கோபம், பயம் ஒண்டுமே வராதா?"

வராது என்று சொல்லியிருந்தால் உங்களைப் படமாக்கிச் சுவரில் மாட்டியது போலாகியிருக்கும்.

"வரும் மகள். நல்லா வரும்."

"அப்ப என்ன செய்வா?"

"பக்கத்தில இருக்கிறவங்கட கையைப் பிடிச்சுக்கொள்ளுவா."

 அவள் பக்கத்துப் பிள்ளையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினாள்.