மூன்று எஞ்சினும் ஒன்றாகப் பற்றிய காலை

என் சதீஷ் கண்ணா,

காய்ச்சல் வந்த அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னடா? டெங்கு என்று தெரிந்து நாங்கள் ஓடி வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் நிமாலி போனில் கூப்பிட்டாள். பல்கலைக்கழக ரொக்கெட் கழகத்தில் உன்னோடு இருந்தவள். உன் நினைவாக நம் ரப்பர் தோட்டத்து மைதானத்தில் ஒற்றை எஞ்சின் ரொக்கெட் ஒன்று விடலாமா என்று கேட்டாள். வேண்டாம், அவன் செய்த மூன்று எஞ்சின் ரொக்கெட்டையே விடுங்கள் என்றேன். அவள் தயங்கினாள். போன தடவை ஒன்று மட்டும் பற்றி, ரொக்கெட் சாய்ந்து புல்தரையில் ஓடியதை அவள் மறக்கவில்லை.

தவறு எங்கே என்று நீ அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். மூன்று எஞ்சின்களையும் பற்றவைக்கும் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இணைத்திருந்தீர்களாம். முதல் கம்பி எரிந்து அறுந்ததும் மற்ற இரண்டுக்கும் மின்சாரம் போகவில்லை. இந்தத் தடவை கழகத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக பேட்டரியோடு இணைத்தார்கள். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் போதுமான மின்சாரம் வேண்டுமென்று, வந்த வேனின் பேட்டரியையே கழற்றி வைத்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடமும் பொலிஸிலும் அனுமதி வாங்கியிருந்தார்கள்.

அப்பா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்து, உடுப்புகூட மாற்றாமல் வந்து நின்றார்.

நிமாலி பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ரொக்கெட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கிட்டப் போகாதீங்கப்பா. திடீர்னு பத்திக்கும்."

"அது அவன் செஞ்சதும்மா. என்னாச்சுன்னு பார்க்க வேணாமா?"

அவர் கையை நான் விடவில்லை. நிமாலி பட்டன் பெட்டியின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, எங்களைப் பொறுத்திருக்கச் சொன்னாள். காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மாதிரியே இருந்தது. பிறகுதான் பேட்டரிக் கிளிப் ஒன்று துருப்பிடித்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினாள்.

இரண்டாவது தடவை ஒரே சத்தம். மூன்றும் ஒன்றாகப் பற்றின. ரொக்கெட் கொஞ்சமும் சாயாமல் ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறிப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது. நீ பார்க்காத ஒன்றுக்கு நான் எப்படிச் சந்தோஷப்படுவது?

பாரசூட்டோடு விழுந்ததை அப்பாதான் தேடி எடுத்து வந்தார். அதைக் கழகத்துக் கண்ணாடி அலுமாரியில் பத்திரமாக வைப்பதாக நிமாலி சிங்களத்தில் சொன்னாள். அப்பாவும் சிங்களத்திலேயே வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வச்சுப் பார்க்கவா செஞ்சான்? திரும்ப விடச் சொல்லு. அடுத்த தடவ பட்டன நான் அழுத்துறேன்."

நீ போன பிறகு அவர் 'அடுத்த தடவை' என்று சொன்னது அதுதான் முதல்முறை.

அவரை நான் கூட்டிக்கொண்டு போவேன், கண்ணா. அவர் பட்டனை அழுத்தும்போது பக்கத்தில் நிற்பேன். இது சத்தியம்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத
அக்கா புஷ்பா