பட்டாள ரூமுக்குக் கூரை போட்டுவிட்டார்கள், அம்மா

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

கவின் இப்போதுதான் தூங்கினான். நீ பார்க்காத உன் பேரன். வருகிற மாசியில் இரண்டு வயது முடிகிறது. மழை இடிக்குப் பயப்படமாட்டான், மிக்ஸி போட்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். உன் பெயரைச் சொல்லப் பழக்கியிருக்கிறேன். “மாயி, மாயி” என்கிறான். மாரியில் இருக்கும் ரகரம் இன்னும் வரவில்லை.

ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியை மறுபடி திறந்துவிட்டார்கள். வேறு முதலாளி, வேறு பெயர்ப்பலகை. வேலிக்கம்பியும் கருவேல மரங்களும் மட்டும் பழசு. பட்டாள ரூமுக்குப் புதுக் கூரை போட்டு வெள்ளையும் அடித்துவிட்டார்கள். கூரையைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே இருக்கிறது அந்தக் கம்பெனி. வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தின்போது அங்கே பட்டாளத்துக்குச் சரக்கு செய்தார்களாம். சிப்பாய்களைப் பழக்குவதற்கான சத்த வெடி, புகை கக்கும் குழாய், இருட்டில் வானத்தில் வெளிச்சம் காட்டும் வாணம். செய்த சரக்கைப் பூட்டிவைக்கக் கல்லால் ஓர் அறை கட்டினார்கள், அதுதான் பட்டாள ரூம். ஒரு ஆள் சுவர்மேல் குறுக்காகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். ஒரே ஒரு கதவு. மேலே கை நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை. வாசலில் துப்பாக்கியோடு காவல். இதெல்லாம் உன் அய்யா உனக்குச் சொல்லி, நீ எனக்குச் சொன்னது. எவ்வளவு உண்மையோ தெரியாது. சுவரின் கனம் மட்டும் நானே பார்த்தது.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஆர்டர் நின்றது, தீபாவளி ஆர்டர் வந்தது. அந்த அறையில் காலிக் காகிதக் குழாய்களை அடுக்கிவைத்தார்கள். வேலை செய்யும் அறைகளைப் பிற்பாடு விதிப்படி கட்டினார்கள். ஒவ்வொன்றும் சின்னது, தள்ளித்தள்ளி இருக்கும், எந்தப் பக்கமும் ஓடுவதற்குக் கதவு இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அவை அடுப்பு. பட்டாள ரூம் மட்டும் எப்போதும் குளிர்ச்சி.

சீசனில் லோடு நெருக்கும்போது “இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்” என்று திரி வெட்டுகிறவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அடுத்த சீசனில் குழாய்க்கு வெடிமருந்து செலுத்துகிறவர்களும் போனார்கள். போர்மேனிடம் சண்டை போட்டு நீ அங்கே இடம் வாங்கினாய். வாங்கிய அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன பேச்சு பேசினாய்!

“ஏட்டி, பட்டாளத்துக்காரன் கட்டுன செவுரு. குண்டு போட்டாலும் அசையாது. நீ மட்டும் காலேஜுல ஃபேனுக்கு அடியில உக்காந்து படிப்ப, நான் தகரத்துக்கு அடியில வேகணுமாக்கும்?”

நானும்தான் சிரித்தேன். கெட்டிச் சுவருக்குள் இருப்பது பத்திரம் என்று இந்த ஊரில் எல்லோரும் நினைத்தது போலத்தான் நானும் நினைத்தேன்.

அந்த வெடிச் சத்தம் கேட்டபோது நான் கல்லூரியில் இருந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சத்தம் கேட்டால் முதலில் எந்தத் திசை என்று பார்ப்போம். அப்புறம் போனை எடுப்போம். கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும் எடுப்போம்.

உராய்வில் தீப்பிடித்தது என்றார்கள். கூரை மக்காச்சோளக் காட்டில் கிடந்தது. நான்கு சுவரும் அப்படியே நின்றன. உள்ளே இருந்த உங்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கூட வந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். “லேசான சுவரா இருந்திருந்தா ஒரு பக்கம் பிய்ச்சுக்கிட்டுப் போயிருக்கும். இது விடல. எல்லாம் உள்ளேயே அடிச்சிருக்கு.” நான் பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது. யாரிடம் போய் நான் இதைச் சொல்ல? ஊர் முழுக்கச் சுவர் நின்றதைத்தான் அதிசயமாகப் பேசிக்கொண்டிருந்தது.

இனி நடப்புக்கு வருகிறேன். போன மாதம் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் கருப்பசாமிதான் இப்போது கம்பெனி வேன் ஓட்டுகிறார் (நீ இருந்தால் இந்தச் சம்பந்தத்துக்கே சம்மதித்திருக்க மாட்டாய்). வேலைக்கு வருகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வைக்கப் போகிறார்களாம். அதை நான் நடத்த வேண்டுமாம்.

“படிச்ச பிள்ளை, நம்ம ஊருப் பிள்ளை. ஒங்க பையனையும் கூடவே வச்சுக்கிடலாம். இருக்கதுலயே பத்திரமான ரூமைத் தாரோம்மா, பட்டாள ரூமை” என்றார்.

என் அம்மா அங்கேதான் செத்தாள் என்பது அவருக்குத் தெரியாது. புது ஆள். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருவோம். நீ கெடந்து மருகாத செல்வி” என்றார் இவர்.

நான் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மற்றப் பிள்ளைகள்? மறுநாள் காலையில் கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு வேன் நிற்கிற இடத்துக்குப் போனேன். பேச்சி சித்தி இருந்தாள். அந்த அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். அன்று கை கழுவத் தொட்டிக்குப் போனதால் பிழைத்தவள். மருமகளும் வேலைக்கு வருகிறாள், பேத்திக்கு ஒன்பது மாதம். பிள்ளைகளை அங்கே விட வேண்டாம், ஒரே கதவு, தீ வந்தால் வெளியேற வழி இல்லை என்று சொன்னேன்.

“காலேஜு பேசுதுடி” என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள் சித்தி. “ஏட்டி தாயி, நான் எப்படித் தப்பிச்சேன்? அந்தச் செவுத்துக்குப் பின்னால நின்னதாலதான. வேற செவுரா இருந்தா நானும் ஒங்க அம்மாகூடப் போயிருப்பேன்.”

“நீங்க வெளியில நின்னீக சித்தி. அம்மா உள்ள இருந்தா.”

“அதத்தான் நானும் சொல்லுதேன். இப்ப மருந்து வெளிய, பிள்ளைக உள்ள. வெளிய என்ன ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா? ஒனக்குப் பயம். அம்புட்டுத்தான்.”

அம்மா, அவள் சொன்னதில் தப்பு இல்லை. எனக்குப் பயம்தான். மருந்தே போகாத அறையாக இருந்தால் அந்தச் சுவர் பிள்ளைகளைக் காப்பாற்றவும் கூடும். “வந்து பாத்துட்டுச் சொல்லு” என்றாள் சித்தி. கவினை மாமியாரிடம் விட்டுவிட்டு அதே வேனில் ஏறினேன்.

அறை அழகாக இருந்தது. சுவரில் மயில், முயல், யானை வரைந்திருந்தார்கள். புதுக் கயிற்றில் மூன்று தொட்டில்கள் தொங்கின. திறப்பு விழாவுக்கு இன்னும் சில நாள் இருந்தது. உன் இடம் எது என்று நான் தேடவில்லை. சித்திதான் தானாக ஒரு மூலையைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. பொம்மை இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். திரிக் கட்டுகள். மருந்து தோய்த்துக் காயவைத்த திரி.

சித்தி கத்திய கத்தலில் கண்காணி ஓடிவந்தான். “வெளிய வெயிலு தாங்கல, அத்தை. நாளைக்கு எடுத்துருவோம். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான்” என்றான்.

சித்தி எட்டிக் கயிற்றைப் பிடித்துத் தன் பேத்திக்கென்று மாட்டிய தொட்டிலை அவிழ்த்தாள். தொட்டில் சேலையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் சொன்னாள்.

“மொத மொத நாங்க அங்கன போயி உக்காந்தப்பவும் இதத்தான சொன்னானுக.”

அதற்கு அப்புறம் மற்றப் பெண்களிடம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. சித்தியே பேசினாள், அவளுக்கே உரிய வசவுகளோடு. அவற்றை இங்கே எழுத முடியாது. மேனேஜர் மூட்டையை எடுக்கச் சொன்னார், வருத்தமும் தெரிவித்தார். நல்ல மனுஷன்தான். இனி நடக்காது என்றார். சீசன் நெருங்கும்போதும் அவர் சொல்தான் நிற்குமா என்று கேட்டேன்.

இப்போது பிள்ளைகள் நம் வீட்டு முன்னறையில் இருக்கின்றன. காலையில் வேன் இங்கே நிற்கும், தாய்மார் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரே களேபரம். கவின் தன் பொம்மைகளைத் தர மாட்டேன் என்கிறான், சித்தியின் பேத்தி அவன் காதைக் கடித்துவிட்டாள். இரண்டு பேர் மட்டும் தங்கள் பிள்ளைகளை இன்னும் கம்பெனிக்கே கொண்டுபோகிறார்கள். பால் கொடுக்க வேண்டுமே, என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில், வேலிக்கு வெளியே ஓர் இடம் தாருங்கள் என்று மேனேஜரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்.

வேலைக்கே போகாதீர்கள் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை, அம்மா. நீ போனதால்தான் நான் படித்தேன். ஆனால் சாயங்காலம் வேன் கொஞ்சம் பிந்தினாலும் வாசலில் போய் நின்று சத்தம் ஏதும் கேட்கிறதா என்று பார்க்கிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே முடிவதில்லை.

எல்லோரும் பத்திரமாகத் திரும்புவார்கள் என்று உன்னிடம் சத்தியம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பேச்சி சித்தி தினமும் வந்து சொல்லிவிடுவாள். அந்த அறைக்குள் மறுபடி ஒரு திரிக் கட்டு போனால், மறுநாள் காலையில் நம் தெருவிலிருந்து வேன் கிளம்பாது. இவர் ஒத்துக்கொண்டார். வேலை போனால் போகட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார். பயத்தில் அவர் மனம் மாறினாலும், வீட்டில் இருக்கும் வேன் சாவியை நான் கொடுக்க மாட்டேன்.

உன் மகள்,
கவினின் அம்மா,
செல்வி