சோள அடுப்புக்குச் சக்கரம்

ஒக்டோபர் 23, வியாழன்

காலையில் பனி. வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, ரயில் கூவியது மட்டும் கேட்டது. பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. உடனே வேலையைத் தொடங்கினேன்.

வீட்டுக்குப் பின்னால் பொலித்தீன் சுற்றி வைத்திருந்த சோள அடுப்பை வெளியே இழுத்தேன். மூன்று வருஷம். உள்ளே ஒரு எலிக்கூடு, கொஞ்சம் கரித்தூள். கரித்தட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மற்றபடி இரும்புச் சட்டம் திடமாகத்தான் இருக்கிறது. ஹட்டனில் வெல்டிங் பட்டறையில் செய்வித்தது. என் மனைவி த. அந்த ஆளின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அண்ணே, இந்த மூலையிலயும் ஒரு ஒட்டு போடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவரைப் படுத்தி எடுத்தாள். அதனால்தான் இத்தனை வருஷம் நின்றது.

அடுப்பை இப்போது எடுத்ததற்குக் காரணம் என் முழங்கால். தரையில் குந்தி வேலை செய்யக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புல் வெட்டும் மெஷினைக் குந்தாமல் எப்படித் திருத்துவது? ஏற்கெனவே நாலு மெஷின் காத்துக் கிடக்கிறது. நின்றுகொண்டு வேலை செய்ய ஒரு ஸ்டாண்ட் வேண்டும். மழை வந்தால் இஸ்தோப்புக் கூரைக்கடியில் தள்ள, வெயில் வந்தால் வாசலுக்குத் தள்ள, சக்கரமும் வேண்டும்.

கரித்தட்டு: ஓட்டை அடைத்து, கழற்றும் நட்டு போட
கம்பிகள்: ஸ்பேனர் தொங்கவிட
மேலே: பழைய கட்டில் பலகை
சக்கரம் 4: தலவாக்கலை, பழைய இரும்புக் கடை

முக்கியம். ஒன்றையும் வெட்டக் கூடாது. எல்லாம் போல்ட்டில் மாட்ட வேண்டும். த. வந்ததும் கழற்றினால் மறுபடி அடுப்பு.

ஒக்டோபர் 24, வெள்ளி

தூறல். சக்கரம் கிடைத்தது, மரக்கறி தள்ளும் வண்டியில் இருந்தது. நன்றாக உருளுகிறது.

வெள்ளிக்கிழமை த.வுக்கு ஓய்வு. வழக்கம்போல ஐந்தரைக்கு வீடியோவில் வந்தாள். குவைத்தில் இப்போதும் வெயில் கொளுத்துகிறதாம். முகம் மெலிந்திருக்கிறது. ஜனவரியோடு அக்ரிமென்ட் முடிகிறது. வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாளாம், மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

"இதுல என்ன யோசன?"

"ஒன்னுமில்ல. அடுப்பு நனையாம இருக்கா?"

"பத்திரமா இருக்கு."

அடுப்பு அப்போது என் முதுகுக்குப் பின்னால், துரு சுரண்டி, பலகையும் மாட்டி நின்றது. ஃபோனை முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டேன்.

பொய்தான் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். அடுப்பு இருந்தால் சீசன் உண்டு. சீசன் இருந்தால் அவள் வருவாள். அடுப்பும் இல்லையென்றால் அவளை எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்? மெஷின் கழுவ வா என்றா?

யாத்திரை மலையின் அடிவாரம், நல்லதண்ணியில் எட்டு சீசன். டிசம்பர் போயா, பௌர்ணமி அன்று கடை போட்டால் மே மாத வெசாக் வரைக்கும் அங்கேதான். மலை ஏறி இறங்கிக் கால் நடுங்க வருகிறவர்களுக்கு வாட்டிய சோளமும் பிளேன்டீயும். "உணு உணு பட இரிங்கு!" என்று த. சிங்களத்தில் கூவுவாள், சுடச்சுட சோளம் என்று. கண்டி, குருநாகல், காலி, எந்த ஊர்க்காரனும் அந்தக் குரலுக்கு நிற்பான். நான் சோளம் உரிப்பேன், தேத்தண்ணி ஊற்றுவேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கும் இருந்ததில்லை. பிறகு சனம் வராத சீசன் வந்தது. பெற்றோலும் காஸும் இல்லாத வருஷத்தில் அவள் குவைத் போனாள்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

நல்ல வெயில். கெட்ட நாள்.

நாலு காலுக்கும் நாலு சக்கரம். இஸ்தோப்பின் சிமெந்துத் தரையில் வைத்துப் பார்த்தபோது ராஜா மாதிரி நின்றது. ஒற்றை விரலால் தள்ளினேன், போனது. பெருமை தாங்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு ஸ்பேனர் எடுக்க உள்ளே போனேன்.

பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறேன். ஒரு பந்தை வைத்தால்கூட நிற்காத வாசல் இது. அதில் நாலு சக்கரம் மாட்டி விட்டவன் நான்.

சத்தம் கேட்டு ஓடி வந்தால் அடுப்பு கோயில் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. தேயிலை ஓரத்தில் ஒரு முட்டு, அப்புறம் நேரே தண்ணீர் ஓடும் கானுக்குள். நல்ல வேளை, பாதையில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணன் இஸ்தோப்பிலிருந்தே சத்தம் போட்டார்.

"யாருப்பா அது, பிரேக் இல்லாத லொறிய எறக்கி விட்டது?"

அப்புறம் வந்து ஒரு கை பிடித்தார். தூக்கிப் பார்த்தால் ஒரு கால் வளைந்து, கரித்தட்டு கிழிந்து.

நல்லதண்ணியில் இந்தத் தப்பு நடந்ததே இல்லை. கடை போடும் முதல் நாள் த. ஒரு சோளக் கதிரை எடுத்து அடுப்புக் கம்பிமேல் வைப்பாள். உருண்டால் கால்களுக்கு அடியில் கல் வைக்கச் சொல்வாள். உருளாத வரைக்கும் நெருப்புப் போட விடமாட்டாள். அவள் இருந்திருந்தால் இன்றைக்கும் ஒரு கதிரை வைத்திருப்பாள்.

ஒக்டோபர் 27, திங்கள்

வானம் மூடாப்பு. வளைந்த காலைச் சுத்தியலால் நிமிர்த்தப் பார்த்தேன். பாதியில் வெடித்துவிட்டது. இனி வெட்டாமல் வழியில்லை. வெட்டினால் திரும்ப அடுப்பாகாது.

காலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செ. அண்ணன் கிரைண்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

இரண்டு மணிக்கு வெட்டினேன். காலின் பெயின்ட் சுரண்டச் சுரண்ட அடியிலிருந்து வேறு வேறு நிறம். பச்சை, அதற்கு அடியில் வெள்ளி, அப்புறம் சிவப்பு, மறுபடி பச்சை. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் த. பெயின்ட் அடிப்பாள், அந்த வருஷம் எது மலிவோ அந்த நிறம். சிவப்பு அடித்த வருஷம் அவள் கைவிரல் ஒரு வாரம் சிவப்பாகவே இருந்தது.

கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஒக்டோபர் 29, புதன்

வேலை முடிந்தது. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் இரண்டு கால். கைப்பிடியைத் தூக்கினால் தள்ளுவண்டி, இறக்கினால் மேசை. வாசலில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தேன். அங்கேயே நிற்கிறது.

முதல் வேலை பண்டார மாத்தையாவின் மெஷின். மேல் தோட்டத்தில் கரட் போடுகிறவர். ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நியமயி ஐயே! பிரமாதம்! எனக்கும் ஒன்னு செஞ்சு தாங்களேன்." நின்றபடி அரை மணியில் முடித்துவிட்டேன். முழங்காலில் வலி இல்லை. நன்றாக இருக்கிறது என்று எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் கலா ஹட்டனிலிருந்து வந்தாள். மகளுக்கு அம்மாவின் கண். வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது சோள அடுப்புல்ல? அம்மாவுக்கு தெரியுமாப்பா?"

"வெள்ளிக்கிழம சொல்றேன்."

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன்."

ஒக்டோபர் 31, வெள்ளி

காலையிலிருந்து மழை. ஸ்டாண்ட் இஸ்தோப்புக்குள். மாதத்தின் கடைசி நாள், அவள் பதில் சொல்ல வேண்டிய நாள்.

ஐந்தரைக்கு வந்தாள். அவளாகவே, "அடுப்ப காட்டுங்க, பாப்போம்" என்றாள். கலா சொன்னாளோ என்னவோ, கேட்கவில்லை. ஃபோனைத் திருப்பினேன்.

திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"வெட்டிட்டீங்களா?"

"கானுக்குள்ள விழுந்து கால் ஒடஞ்சிருச்சு. வேற வழியில்ல. கோவப்படாத தவம். நீ வர்றதுக்குள்ள வேற ஒன்னு அடிச்சு வைக்கிறேன், இத விட பெருசா."

"வேணாங்க."

"புது இரும்புல..."

"வேணாங்கிறேன்ல." அப்புறம் சொன்னாள். "அந்த அடுப்ப நெனச்சுத்தான் மேடத்துக்குப் பதில் சொல்லாம இருந்தேன். வந்தா மறுபடி அதுக்கு முன்னாலதான நிக்கணும்? பொகையில கண்ணு எரிஞ்சு எரிஞ்சு பகல்லயும் தண்ணியா ஊத்தும். முதுகு குளிர்ல வெறச்சிரும், வயித்துப் பக்கம் வெந்துரும். இங்கயும் வேல கஷ்டந்தான். ஆனா பொக இல்ல."

"ஒரு நாளும் சொல்லலியே நீ?"

"எப்புடிங்க சொல்றது? டிசம்பர் வந்தா ஒங்க மொகமே மாறிரும்."

"அப்ப எதுக்கு வாராவாரம் நனையாம இருக்கா, நனையாம இருக்கான்னு கேட்ட?"

"நீங்க ஆசயா வச்சிருக்கீங்களேன்னுதான்."

ஃபோனை என் பக்கம் திருப்பினேன். அவளே, "இன்னைக்கே மேடத்துக்கிட்ட சொல்லிருறேன். ஜனவரியில வந்துருவேன்" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் அதோடு வெட்கமும் சேர்ந்து வந்தது.

நவம்பர் 1, சனி

மழை விட்டுவிட்டு. மெஷின் இரண்டு வந்தது, ஒன்றுக்கு பிளக் மட்டும்தான்.

பழைய டயரிகளை எடுத்து நல்லதண்ணிப் பக்கங்களைப் புரட்டினேன். "இன்று நல்ல கூட்டம். த. குரல் தூள்." "காலியிலிருந்து இரண்டு பஸ். ஒரே சிரிப்பு." "இன்றும் நல்ல நாள்." எல்லாம் என் நல்ல நாள். ஒரு பக்கத்தில் மட்டும் இப்படி: "த. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள், தூக்கம் போல." தூக்கம் போலவாம்! பக்கத்தில் நின்றவன் எழுதியது.

பொறுக்க முடியாமல் அவளுக்குக் குரலில் ஒரு மெசேஜ் போட்டேன். அந்த எட்டு சீசனில் உனக்குப் பிடித்தது ஒன்றாவது இருந்ததா, மறைக்காமல் சொல் என்று.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல்.

"இருந்துச்சுங்க. விடியக்காலம எல்லாரும் மலைக்கு மேல போயிருப்பாங்க. கட காலியா கெடக்கும். கூவ வேணாம், ஒன்னும் வேணாம். நான் மட்டும் ஒக்காந்து ஒரு தேத்தண்ணி குடிப்பேன். மேல மலப் பாதையில வரிசையா லைட் எரியும், அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். அது பிடிக்கும்."

நாலு தடவை கேட்டேன். அந்த நேரத்தில் நான் கடைக்குப் பின்னால் சாக்கில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பேன். எட்டு சீசனும்.